அது என் துறை இல்லை

ஜனவரி 9, 1994

தம்பிக்கு,

நான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன். சமாதானம் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் இருவருக்கும் நிம்மதி.

எங்கள் மருத்துவமனையின் முதல் மாடியில் ஆபரேஷன் தியேட்டர் இருக்கிறது. அதற்குக் காற்று அனுப்பும் பெரிய ஃபேன் பக்கத்து அறையில். அக்டோபரிலிருந்து தியேட்டர் நடுங்குகிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் மேலே மெல்லிசாக வளையம் வளையமாக வரும், அவ்வளவுதான். ஆனால் காலையில் மட்டும் வருகிற எங்கள் கண் டாக்டர் கூரையிலிருந்து தொங்கும் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து அறுக்கிறவர். அதில் எல்லாமே பத்து மடங்கு. "ஊசி முனைக்குக் கீழ கண்ணு துள்ளுதும்மா, நான் எங்க குத்துறது?" என்று கேட்டுவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பேரிங் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். மத்தியானம் ஃபேனை நிறுத்தி, பேரிங்கை மாற்றி, பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டினார். துளி நடுக்கம் இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை மறுபடியும் நடுக்கம். இப்படி இரண்டு முறை ஆயிற்று. முப்பத்தொரு பேர் கண் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறார்கள். அதில் ஒரு தையல்காரம்மா வாரம் தவறாமல் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். "ஊசியில நூல் கோக்க முடியலைம்மா, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களைக் கெஞ்ச வேண்டியிருக்கு" என்கிறாள்.

நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "நீங்க லிஃப்ட்டும் பாக்கறீங்க, பாய்லரும் பாக்கறீங்க, குழாயும் பாக்கறீங்க. அதான் எதுவும் சரியா நடக்கலையோ என்னவோ" என்றார். இதே வார்த்தையை அம்மா போன மறுநாள், உறவுக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில் நீயும் சொன்னாய். "அக்காவுக்கு எல்லாத்துலயும் கொஞ்சம் தெரியும். ஒண்ணுலயும் முழுசாத் தெரியாது." எனக்கு மறக்கவில்லை.

சுழலுகிற எந்திரத்தின் நடுக்கம் உன் தொழில். என்ன செய்யலாம் சொல்.

அக்கா


ஜனவரி 21

அக்காவுக்கு,

கடிதம் நான்கு ஊர் சுற்றி இங்கே வந்தது. ஒரு மின் நிலையத்தின் விருந்தினர் அறையில் இருக்கிறேன். கட்டில், மேஜை, கெட்டில், ஜன்னலுக்கு வெளியே புகைபோக்கி. போன மாதம் வேறு ஊரில் இருந்தேன். அங்கேயும் இதேதான். சில சமயம் காலையில் எழுந்ததும் எந்த ஊர் என்று தெரிய, கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படிக்கிறேன்.

பேரிங் தேய்ந்திருக்கிறதா, தண்டு வளைந்திருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்பதை ஊகித்துச் சொல்வது என் பழக்கம் இல்லை. ஒவ்வொரு கோளாறும் ஒரு நொடிக்கு இத்தனை முறை என்று தனக்கே உரிய எண்ணில் நடுங்கும். எண் தெரிந்தால் கோளாறு தெரியும். பழைய அளவுப்பெட்டி ஒன்றைப் பார்சலில் அனுப்புகிறேன். காந்த முனையை ஃபேனின் உடலில் நான்கு இடங்களிலும் தியேட்டர் தரையில் இரண்டு இடங்களிலும் ஒட்டவை. பெட்டி காகிதப் பட்டையில் கோடு வரையும். நடுக்கம் இருக்கும்போது எடு. எந்தப் பட்டை எந்த இடம் என்று பின்னால் எழுது. ஃபேன், மோட்டார் இரண்டின் வேகத்தையும் குறித்து அனுப்பு.

போன் செய்யாதே. இங்கே லைன் சரியில்லை.

நீ எழுதிய மற்ற விஷயத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். இந்தத் தாள் தீர்ந்துவிட்டது.

தம்பி


பிப்ரவரி 6

தம்பிக்கு,

தாள் தீர்ந்துவிட்டதாம்! மின் நிலையத்தில் காகிதத்துக்குப் பஞ்சம் போலிருக்கிறது.

உன் பெட்டி வந்தது. நர்ஸுகள் எல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "எல்லாம்மா, இது ஃபேனுக்கு எடுக்கிற ஈசிஜியா?" என்று கேட்டாள் ஒருத்தி. இங்கே என் பெயர் அதுதான், 'எல்லாம்மா'. குழாய் ஒழுகினால் எல்லாம்மா, லிஃப்ட் நின்றால் எல்லாம்மா, குழந்தைகள் வார்டு ஜன்னலில் குளவி கூடு கட்டினாலும் எல்லாம்மா. முதலில் கேலியாக வைத்தார்கள். இப்போது சம்பளப் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொன்னால் வாசலில் காவல் இருப்பவருக்கே என்னைத் தெரியாது.

காலை பத்தரைக்கு, நடுக்கம் நன்றாக இருந்தபோது எடுத்தேன். ஆறு பட்டையும் உள்ளே வைத்திருக்கிறேன். மோட்டார் நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது சுற்று. ஃபேன் தொள்ளாயிரம்.

தையல்காரம்மா நேற்றும் வந்தாள். பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது சொல்லிடுமா?" என்றாள். "என் தம்பி சொல்வான்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

நான் குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறேன், அம்மா இருந்த அதே இரண்டு அறை. அக்கம்பக்கத்தில் நல்லவர்கள்தான். ஃபியூஸ் போனால் கதவைத் தட்டுகிறார்கள். ஃபியூஸ் போகாத வாரங்களில் யாரும் தட்டுவதில்லை.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

பட்டைகளைப் பார்த்தேன். சுத்தமாக எடுத்திருக்கிறாய். எங்கள் ஆட்களே இவ்வளவு ஒழுங்காக எடுப்பதில்லை.

ஃபேன் கோளாறு என்றால் நொடிக்குப் பதினைந்து வர வேண்டும். மோட்டார் என்றால் இருபத்து நான்கு. பேரிங் என்றால் அதைவிடப் பல மடங்கு. ஆறு பட்டையிலும் ஓங்கி நிற்பது பன்னிரண்டரை. அதுவும் ஃபேனின் உடலைவிடத் தியேட்டர் தரையில் அதிகம். பன்னிரண்டரையில் நடுங்கும் பாகம் எதுவும் அந்த ஃபேனில் கிடையாது. பேரிங்கை இன்னும் பத்து முறை மாற்றினாலும் பயன் இல்லை.

ஆகவே கோளாறு ஃபேனில் இல்லை. எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கட்டடம், அஸ்திவாரம், மற்ற இயந்திரங்கள், இதெல்லாம் என் துறை இல்லை.

தம்பி


பிப்ரவரி 28

தம்பிக்கு,

'அது என் துறை இல்லை.' உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இந்த ஒரு வரியை ஒரு நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தேன். எவ்வளவு சௌகரியமான வரி! வேலிக்கு இந்தப் பக்கம் வரை நான், அந்தப் பக்கம் யாரோ. எனக்கு அப்படி ஒரு வேலி கிடைத்ததே இல்லை.

கோபம் அடங்கியதும் கணக்குப் போட்டேன். நொடிக்குப் பன்னிரண்டரை என்றால் நிமிஷத்துக்கு எழுநூற்றைம்பது. பிறகு நான் செய்ததை எழுதினால் உப்புச்சப்பில்லாமல் போய்விடும். வாயால் சொல்ல வேண்டும். கண்டுபிடித்துவிட்டேனடா!

மார்ச் ஆறாம் தேதி, ஞாயிறு, காலை பத்து மணிக்கு உன் விருந்தினர் விடுதிக்கு போன் செய்கிறேன். லைன் சரியில்லை என்றால் சரி பண்ணி வைக்கச் சொல். எடு.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

போனில் நீ சொன்னது எல்லாம் புரிந்தது. மிகவும் சந்தோஷம். உங்கள் நிர்வாக அதிகாரி எங்கள் நிறுவனத்துக்கு எழுதி முறைப்படி அறிக்கை கேட்டிருந்தார். முந்தாநாள் அனுப்பிவிட்டேன். நகல் உனக்குத் தனியாக வராது, அலுவலகத்தில் பார்த்துக்கொள். இனி ஆபரேஷன்கள் நடக்கும் என்று நினைக்கிறேன்.

வேறு ஊருக்கு மாறுகிறேன். புது விலாசம் கீழே.

தம்பி


மார்ச் 25

மதிப்பிற்குரிய நடுக்கவியல் நிபுணர் அவர்களுக்கு,

தங்கள் அறிக்கை கிடைத்தது. நிர்வாக அதிகாரி அதை எனக்கு முன்னால் சத்தமாக வாசித்தார். 'கீழ்த்தளத்தில் உள்ள சலவைப் பிரிவின் துணி பிழியும் இயந்திரமே நடுக்கத்துக்குக் காரணம் என்பதைப் பேரிங் நிறுவனத்தின் ஆய்வாளர் கண்டறிந்துள்ளார். மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவு நான்கு மாத காலம் இதைக் கவனிக்கத் தவறியுள்ளது.' கீழே தங்கள் கையெழுத்து, நன்றாக, அழகாக.

போனில் நான் சொன்னதைத் தாங்கள் மறந்திருக்கலாம். மறுபடியும் எழுதுகிறேன். தியேட்டரில் மற்ற ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் காலை பதினொரு மணிக்கு, நோயாளி இல்லாத பத்து நிமிஷம் கேட்டு வாங்கியது நான். ஃபேனை நிறுத்திவிட்டுக் கிண்ணத்துத் தண்ணீரைப் பார்த்தது நான். ஃபேன் நின்ற பிறகும் வளையம் வந்துகொண்டே இருந்தது. அதுவரை எல்லாரும் மத்தியானத்தில்தான் நிறுத்திப் பார்த்திருந்தோம், நானும்தான். அந்த முட்டாள்தனத்தில் என் பங்கை நான் மறைக்கவில்லை. அப்புறம் கட்டடத்தில் சுழலுகிற ஒவ்வொன்றிலும் வேகம் பொறித்திருக்கும் தகட்டைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். எழுநூற்றைம்பது என்று போட்டிருந்தது ஒன்றே ஒன்றில்தான். அக்டோபரில் வந்த புது மெஷின். காலை ஒன்பதரைக்குத் தொடங்கி ஒரு மணிக்கு நிறுத்துவார்கள். ரப்பர்கூட வைக்காமல் தியேட்டரைத் தாங்கும் தூணோடு ஒட்டினாற்போல் நான்கு போல்ட்டில் இறுக்கியிருந்தார்கள். "நானும் அப்பவே சொன்னேன் எல்லாம்மா, இது ஓடுனா என் பல்லு கிட்டுது" என்றாள் சலவைக்காரம்மா. அவளிடம் யார் கேட்டார்கள்? மூன்றாம் முறையாக வந்திருந்த பேரிங் கம்பெனிக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தார்.

அடியில் கனமான ரப்பர் வைத்து, தூணிலிருந்து தள்ளிப் போட்டோம். நடுக்கம் நின்றது. தையல்காரம்மாவுக்குப் போன வியாழக்கிழமை ஆபரேஷன் ஆயிற்று.

ஜூன் முப்பதோடு என் பதவி இல்லை. லிஃப்ட்டுக்கு ஒரு கம்பெனி, பாய்லருக்கு ஒரு கம்பெனி, மின்சாரத்துக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று. 'நிபுணர் அறிக்கையின் அடிப்படையில்' என்று உத்தரவில் போட்டிருக்கிறது.

தாங்கள் அன்று கூடத்தில் சொன்னதை வாயால் சொன்னீர்கள். இந்த முறை எழுத்தில் கொடுத்துவிட்டீர்கள். முத்திரையோடு.

இப்படிக்கு,
எதுவும் முழுசாகத் தெரியாதவள்


ஏப்ரல் 8

அக்கா,

இதைப் பத்து நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காது கேட்பதில்லை.

முழுக்க இல்லை. எதிரே நிற்பவர் உதட்டைப் பார்த்தால் பாதி பிடித்துக்கொள்வேன். போனில் எதுவுமே பிடிபடாது. உன் குரல் தெரிந்தது. நீ சிரித்தது தெரிந்தது. 'கீழே', 'துணி', 'மெஷின்', 'பேரிங் கம்பெனிக்காரர்' என்ற வார்த்தைகள் மிதந்து வந்தன. நான் "ஆமா, சரி, அப்படியா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பதினேழு நிமிஷம். நீ அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது. கேட்கவில்லை என்று சொல்லி அதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. அது பொய். சொல்லப் பயமாக இருந்தது. அதுதான் நிஜம்.

மிச்சத்தை நானே இட்டு நிரப்பினேன். கண்டுபிடித்தது கம்பெனிக்காரர் என்று நினைத்தேன். பராமரிப்புப் பிரிவைப் பற்றிய அந்த வரி எங்கள் எல்லா அறிக்கையிலும் போடுகிற வரி. அச்சடித்த படிவத்தில் மாதமும் தேதியும் மட்டும் நிரப்புவோம். அந்தப் பிரிவு என்றால் நீ என்பது கையெழுத்துப் போடும்போது எனக்கு உறைக்கவில்லை. பதினாறு வருஷமாகத் தண்டையும் பேரிங்கையும் தவிர எதையும் ஆள் என்று நினைத்துப் பார்த்துப் பழக்கமில்லாமல் போய்விட்டது.

டர்பைன் பக்கத்திலேயே நின்று நின்று வந்தது. காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள். ஆரம்பத்தில் கையால் தொட்டு, காதால் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு திமிர். ஆறு வருஷத்துக்கு முன்பே மணியோசை போய்விட்டது. அப்புறம் பறவை. அப்புறம் பெண்கள் குரல். நிறுவனத்துக்குத் தெரியாது. அளவுப்பெட்டி இருப்பதால் வேலை ஓடுகிறது. உடன் வேலை செய்கிறவர்கள் என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைக்கிறார்கள். கூப்பிட்டால் திரும்புவதில்லை அல்லவா? கேன்டீனில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எதிரே யாராவது உட்கார்ந்தால் பேசுவார்கள்.

அன்று கூடத்தில் சொன்னதும் இதில் சேர்ந்ததுதான். மாமாவிடம் மெதுவாகத்தான் சொன்னேன் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் குரல் எவ்வளவு ஓங்குகிறது என்று எனக்கே தெரியாத நிலை அப்போதே வந்துவிட்டது. நீ எழுந்து உள்ளே போனது எதற்கு என்று அன்று எனக்குப் புரியவில்லை. மெதுவாகச் சொன்னால் மட்டும் அது சரியாகிவிடுமா என்று கேட்பாய். ஆகாது. அப்போது நான் அப்படித்தான் நினைத்தேன்.

அறிக்கையைத் திருத்தி அனுப்புகிறேன். நேரிலும் வருகிறேன். எந்தத் தேதி என்று எழுது.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

எந்தக் காது முதலில் போனது? இரைச்சல் இருக்கிறதா? தலை சுற்றுகிறதா? யாரிடமாவது காட்டினாயா, இல்லை அதையும் நீயே அளந்துவிட்டாயா? எங்கள் காது டாக்டரிடம் கேட்டேன். எந்திரச் சத்தத்தில் போனது திரும்பாது, ஆனால் காதில் மிஷின் வைத்தால் மிச்சம் இருப்பதைக் கொண்டு கேட்கலாம் என்றார். தொண்டை கரகரப்பு என்று கூடவே ஒரு மாத்திரை கேட்டதற்கு, "அது பக்கத்து ரூம், நான் காது மட்டும்தான்" என்றார். உன்னை நினைத்துக்கொண்டேன்.

உன் கடிதத்தை பாய்லர் அறையில் வைத்துப் படித்தேன். அங்கேதான் யாரும் வர மாட்டார்கள். படித்து முடித்து வெளியே வந்தபோது, "என்ன எல்லாம்மா, கண்ணுல புகையா?" என்றார் வாசலில் இருப்பவர். எங்கள் பாய்லரில் புகை வராது. நான் பராமரிக்கிற பாய்லர் அது. ஆமாம் என்றேன்.

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். இரண்டும் ஒரே சமயத்தில் இருக்க முடிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ கூடத்தில் சொன்னது அவ்வளவு வலித்ததற்குக் காரணம், அது உண்மையாக இருக்குமோ என்ற பயம். இந்த மாதத்தில் ஆறு இடத்துக்கு மனுப் போட்டேன். ஆறு இடத்திலும், "உங்க ஸ்பெஷாலிட்டி என்ன?" என்றே கேட்டார்கள். லிஃப்ட் என்று சொன்னால், லிஃப்ட்டில் இருபது வருஷம் ஊறியவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார். பாய்லர் என்றால் அதற்கு ஒருவர். எல்லாம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஐம்பதாவது வயதில் நான் யார் என்று ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

மே நான்காம் தேதி நிர்வாகக் கூட்டம். வா.

அக்கா


மே 20

அக்கா,

திரும்பி வந்துவிட்டேன். ஒன்பது நாள் உன் வீட்டில் இருந்ததில், இரண்டு பேரும் சேர்ந்து மூன்று நோட்டுப் புத்தகம் தீர்த்திருக்கிறோம். அதை எல்லாம் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்துவிட்டேன். கேட்காமல் எடுத்ததற்கு மன்னித்துக்கொள்.

கூட்டத்தில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேசியதை எழுதித் தந்துகொண்டே இருந்தாயே, அதில் ஒரு பக்கத்தை இப்போது மறுபடியும் படித்தேன். 'தலைவர் சொல்றார்: அறிக்கை திருத்தினது சரி, ஆனா ஒப்பந்தம் போட்டாச்சு, மாத்த முடியாது.' அதற்குக் கீழே, 'தலைவர் என்னைப் பாக்கல.' அதற்கும் கீழே, 'சலவைப் பிரிவு மேற்பார்வை மட்டும் வேணும்னா தர்றாங்களாம்.' உன்னைப் பற்றிய தீர்ப்பை உன் கையாலேயே எனக்காக எழுதினாய். எழுத்து ஒரு இடத்தில்கூட கோணவில்லை.

நான் அவர்களிடம் என்ன பேசினேன், எவ்வளவு சத்தமாகப் பேசினேன் என்று தெரியவில்லை. எல்லாரும் பின்னுக்குச் சாய்ந்தார்கள். "எண்ணைச் சொன்னது நான். அந்த எண்ணை வச்சுக்கிட்டு நான் இன்னும் உக்காந்துட்டுத்தான் இருப்பேன். இவங்கதான் கட்டடத்தைப் பாத்தாங்க" என்று சொன்னதாக ஞாபகம். அவர்கள் கோப்பில் குறித்துக்கொண்டார்கள். கோப்பில் இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது.

நிறுவனத்தில் காது விஷயத்தைச் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. வெளியூர் வேலை இனி கிடையாது, தலைமை அலுவலகத்தில் மற்றவர்கள் எடுத்து வரும் பட்டைகளைப் படித்துச் சொன்னால் போதும் என்கிறார்கள். ஒரு அறை, ஒரு விளக்கு. நான் எப்போதும் தேடிய வேலை மாதிரிதான் இருக்கிறது. முதல் நாள் சாயங்காலம் வெளியே வந்தபோது, காலையிலிருந்து ஒரு மனித முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று தெரிந்தது.

சலவைப் பிரிவை எடுத்துக்கொள்வாயா?

தம்பி


ஜூலை 24

தம்பிக்கு,

எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு மெஷினைப் பார்த்துக்கொண்டு ஒரே அறையில் உட்கார என்னால் ஆகாது. உன்னால் அது முடியும். அதைக் குறையாகத்தான் இத்தனை நாளும் நினைத்துவந்தேன். இப்போது இல்லை. உன் பன்னிரண்டரை வராமல் இருந்தால் நான் இன்றைக்கும் அந்த ஃபேனையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பேன்.

கடைசி நாள் நர்ஸுகள் சேர்ந்து ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். தையல்காரம்மா ஒரு ரவிக்கை தைத்துக் கொண்டுவந்தாள். "அளவு எப்படித் தெரியும்?" என்றேன். "இப்பதான் கண்ணு தெரியுதே, வராந்தால நீங்க போறப்ப பாத்து வச்சுக்கிட்டேன்" என்றாள். தோள் கொஞ்சம் பிடிக்கிறது. சொல்லவில்லை.

புது இடம் மலைப்பக்கம், நாற்பது படுக்கை உள்ள சின்ன மருத்துவமனை. ஏழாவது மனு இது. கீழேயிருந்து எந்தக் கம்பெனி ஆளும் மேலே வர இரண்டு நாள் ஆகும். அதனால் இவர்கள் ஸ்பெஷாலிட்டி என்ன என்று கேட்கவில்லை. "என்னென்ன தெரியாது?" என்று கேட்டார்கள். எக்ஸ்ரே தெரியாது என்றேன். கற்றுக்கொண்டிருக்கிறேன்.

வேலை நன்றாக இருக்கிறது. ஐந்து மணிக்கு மேல்தான் கஷ்டம். மேகம் இறங்கி ஜன்னலை மூடிவிடுகிறது. அம்மாவின் நாற்காலியைக் கொண்டுவர லாரியில் இடம் இருக்கவில்லை. இங்கே எனக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. 'புது மேடம்' என்கிறார்கள். பேச்சுக்குப் பேச்சு மரியாதை. யாராவது ஒரு ஃபியூஸைப் போக்கடித்தால் நன்றாக இருக்கும்.

காது மிஷின் வைத்தாயா? பதில் எழுது. இரண்டு வரி எழுதினாலும் போதும்.

அக்கா


செப்டம்பர் 5

அக்கா,

மிஷின் வைத்துவிட்டேன். தட்டு, நாற்காலி, செருப்புச் சத்தம் எல்லாம் ஒன்றாக வந்து மண்டையில் இறங்குகின்றன. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பழகுகிறேன். மற்ற நேரம் பழையபடிதான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். ஊர் சுற்றாத நாட்களில் நான் தங்கும் இந்த வீட்டில், பதினொரு வருஷத்தில் அவருக்கு நான் கதவைத் திறந்தது இதுதான் முதல் முறை; மிஷின் இருந்ததால் தட்டியது கேட்டது. பேச்சு பிடிபடவில்லை என்றதும் ஒரு காகிதத்தில், 'உங்கள் குளியலறைக் குழாய் ஒரு வருடமாகச் சொட்டுகிறது, என் கூரை ஊறிவிட்டது' என்று எழுதிக் காட்டினார். இத்தனை நாளும் கதவைத் தட்டிப் பார்த்து, நான் வேண்டுமென்றே திறக்கவில்லை என்று நினைத்திருக்கிறார். பிளம்பரைக் கூப்பிடலாம் என்று கிளம்பினேன். வாசற்படியில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

கடையில் வாஷர் கேட்டேன். அரை இஞ்சா முக்கால் இஞ்சா என்று எழுதிக் கேட்டார்கள். தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அளந்துவிட்டு மறுபடியும் போனேன். பிறகு மூட வேண்டிய வால்வை விட்டுவிட்டு வேறு வால்வை மூடினேன். கட்டடம் முழுவதற்கும் தண்ணீர் நின்றுவிட்டது. நான்காம் மாடியிலிருந்து ஒரு பெண் தலை நிறைய சோப்பு நுரையோடு இறங்கி வந்து, என் முகத்துக்கு நேரே நின்று வெகுநேரம் கத்தினார். நல்லவேளை, மிஷினைக் கழற்றி வைத்திருந்தேன். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் படியில் நின்றார்கள். இத்தனை பேர் இங்கே குடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களில் ஒரு பெரியவர்தான் சரியான வால்வைக் காட்டினார். பழைய வாஷரை எடுத்துப் பார்த்தேன். கறுத்து, நசுங்கி, நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தது. நான்கு மணி நேரம் ஆயிற்று. நீ என்றால் பத்து நிமிஷத்தில் முடித்திருப்பாய்.

சரியாகச் செய்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. கையை அடியில் நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கை நனையவில்லை. இன்று காலை கீழ்வீட்டுக்காரர் வந்து, "நின்னுடுச்சு" என்று உதட்டை நிதானமாக அசைத்துச் சொன்னார். கூரையில் கறை மட்டும் இருக்கிறதாம்.

அவர் போன பிறகு அலுவலகத்துக்குப் போகவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மேஜையைத் துடைத்துவிட்டு, உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன்.

தம்பி